எல்கேஜி-யில் இருக்கும் ‘கேஜி’ எங்கிருந்து வந்தது? விளையாட்டையே பாடமாக்கிய ஃப்ரோபெல் கதை

ப்ரீ-கேஜி, எல்கேஜி, யுகேஜி. வீட்டில் மூணு வயசுக் குழந்தை இருந்தால் இந்த வார்த்தைகள் ஒரு நாளைக்கு நாலு தடவையாவது காதில் விழும். அட்மிஷன், ஃபீஸ், யூனிஃபார்ம், ஹோம்வொர்க் என எல்லாம் இதைச் சுற்றித்தான் ஓடும். ஆனால் அந்த ‘கேஜி’ இங்கிலீஷ் வார்த்தையே கிடையாது. கிண்டர்கார்டன் என்ற ஜெர்மன் சொல்லின் சுருக்கம் அது. அர்த்தம், குழந்தைகளின் தோட்டம்.

1840-ல் அந்தப் பெயரை வைத்தவர் ஃப்ரீட்ரிக் ஃப்ரோபெல். சின்னக் குழந்தைகள் விளையாடும்போதுதான் ஆழமாகக் கற்கிறார்கள் என்று நம்பியவர். கேட்க சாதாரணமாக இருக்கிறதா? பெயர் வைத்து 11 வருடத்தில், ஐரோப்பாவின் பெரிய அரசுகளில் ஒன்று அவருடைய கிண்டர்கார்டன்களுக்குத் தடையே போட்டது.

யார் இவர்? மரக்கட்டையையும் பந்தையும் பார்த்து ஓர் அரசு ஏன் பயந்தது? அவர் நினைத்ததில் எவ்வளவு இன்றைய கேஜி வகுப்பில் மிச்சம் இருக்கிறது? பார்க்கலாம்.

அம்மா இல்லாத குழந்தை

ஜெர்மனியின் துரிங்கியா பகுதியில், காடும் மலையும் சூழ்ந்த ஓபர்வைஸ்பாக் என்ற ஊரில் 1782 ஏப்ரல் 21-ம் தேதி பிறந்தார் ஃப்ரோபெல். அப்பா லூத்தரன் சபையின் போதகர். ஃப்ரோபெலுக்கு ஒரு வயது நிறைவதற்குள் அம்மா இறந்துவிட்டார்.

அப்பாவுக்கு சபை வேலையே சரியாக இருந்தது. சில வருடங்களில் மறுமணம் செய்துகொண்டார். சித்தி ஆரம்பத்தில் பாசமாக இருந்தார். தனக்கென்று ஒரு பிள்ளை பிறந்ததும் விலகிப்போனார். வீடு, வேலி போட்ட தோட்டம், பக்கத்திலேயே தேவாலயம். பையனின் உலகம் பெரும்பாலும் அதற்குள்ளேயே முடிந்துபோனது. செடிகளையும் பூக்களையும் பார்த்துக்கொண்டே தனியாகப் பொழுதைக் கழித்தான்.

வாசிப்பு மெதுவாகத்தான் வந்தது. இவன் கொஞ்சம் மந்தம் என்று அப்பா முடிவு செய்துவிட்டார். ஊரில் பையன்கள் படிக்கும் பள்ளியில் சேர்க்காமல், பெண் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் கொண்டுபோய் விட்டார்.

பத்து வயசு வாக்கில் ஒரு திருப்பம் வந்தது. அம்மாவின் சகோதரர், ஸ்டாட்இல்ம் என்ற ஊரில் இருந்த தாய்மாமா, பையனைத் தன்னோடு அழைத்துப்போனார். அங்கே வேலி இல்லை. சம வயசுப் பிள்ளைகளோடு ஓடி ஆட விட்டார்கள். நம்பினார்கள். குழந்தைப் பருவம் என்றால் என்னவென்று ஃப்ரோபெலுக்குத் தெரிய வந்ததே அங்கேதான்.

பின்னாளில் அவர் கட்டியெழுப்பிய எல்லாவற்றுக்கும் அடியில் இந்த இரண்டு வீடுகளும் இருக்கின்றன. ஒன்றில் கட்டுப்பாடு, இன்னொன்றில் நம்பிக்கை. இரண்டையும் அனுபவித்த ஒருத்தர்தான் கடைசியில் குழந்தைகளுக்காகத் தோட்டம் போட்டார்.

எதிலும் நிலைக்காத இளைஞர்

இன்றைய பாஷையில் சொன்னால், 20-களில் ஃப்ரோபெலின் ரெஸ்யூமே ரொம்பக் குழப்பமாக இருந்தது.

15 வயதில் வனத்துறை ஆள் ஒருவரிடம் தொழில் பழகப் போனார். 1799-ல் யெனா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கையில் காசு இல்லை. கடனைக் கட்ட முடியாமல் பல்கலைக்கழகச் சிறையில் சுமார் ஒன்பது வாரம் இருந்தார். படிப்பு பாதியில் நின்றது. அதன் பிறகு நில அளவை, கணக்கு எழுதுவது, எஸ்டேட் ஆபீஸ் வேலை என்று கிடைத்ததையெல்லாம் செய்தார்.

1805-ல் கட்டடக்கலை படிக்கலாம் என்று ஃப்ராங்க்ஃபர்ட் போனார். அங்கே ஒரு முன்மாதிரிப் பள்ளியை நடத்திக்கொண்டிருந்த அன்டன் க்ரூனர், இந்த 23 வயசு இளைஞரோடு பேசிப் பார்த்துவிட்டு, நீ கட்டடம் கட்ட வேண்டியவன் இல்லை, வாத்தியாராக வேண்டியவன் என்று வேலைக்கு எடுத்துக்கொண்டார். வகுப்பறைக்குள் நுழைந்த முதல் நாளிலேயே, இத்தனை நாள் தேடியது இதைத்தான் என்று ஃப்ரோபெலுக்குப் புரிந்துவிட்டது.

க்ரூனர், சுவிட்சர்லாந்தின் கல்வியாளர் பெஸ்டலோட்சியைப் பின்பற்றியவர். மனப்பாடத்துக்குப் பதிலாக, பொருளைப் பார்த்து, தொட்டுக் கற்க வேண்டும் என்பது பெஸ்டலோட்சியின் வழி. அவருடைய பள்ளியைப் பார்க்க 1805-லேயே ஃப்ரோபெல் போய்வந்தார். 1808 முதல் 1810 வரை, தான் டியூஷன் எடுத்துவந்த மூன்று பையன்களையும் கூட்டிக்கொண்டு அங்கேயே தங்கிக் கற்றார். அந்த முறை பிடித்திருந்தது. ஆனால் ஒவ்வொரு பாடமும் தனித்தனியாக நிற்கிறது, எல்லாவற்றையும் கோக்கும் நூல் இல்லை என்ற குறையும் அவருக்கு இருந்தது.

கல்லுக்குள் ஒரு ஒழுங்கு

அந்த நூல் கிடைத்தது எதிர்பாராத இடத்தில். 1812-ல் பெர்லின் பல்கலைக்கழகத்தில், படிகவியல் அறிஞர் கிறிஸ்டியன் சாமுவேல் வைஸிடம் படிக்கச் சேர்ந்தார். உப்பு, ஸ்படிகம் போன்றவை எப்படி ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் மட்டும் வளர்கின்றன என்று ஆராயும் துறை அது.

நடுவில் 1813-ல் நெப்போலியனுக்கு எதிரான போரில் தன்னார்வப் படைவீரராகச் சேர்ந்தார். வாழ்நாள் நண்பர்களான மிடன்டார்ஃபும் லாங்கதாலும் அங்கேதான் கிடைத்தார்கள். போரிலிருந்து திரும்பியதும் வைஸின் கனிமக் காட்சியகத்தில் உதவியாளர் வேலை. நாள் முழுக்கக் கற்களை வகை பிரிக்க வேண்டும்.

கனசதுரம், எண்முகி, பட்டகம். ஒரு சில எளிய வடிவங்கள் சேர்ந்தும் பிரிந்தும் எவ்வளவோ விதமான படிகங்கள் உண்டாவதை அவர் தினமும் பார்த்தார். ஒரு சின்ன வடிவத்துக்குள் ஒரு பெரிய விதி இருக்கும் என்றால், அதைக் குழந்தையின் கையிலேயே கொடுத்துவிடலாமே? இந்த யோசனை முளைவிட இன்னும் 20 வருடங்களுக்கு மேல் ஆனது.

முதல் பள்ளி, முதல் அடி

போர்க் காலத்தில் பரவிய டைஃபஸ் காய்ச்சலில் ஃப்ரோபெலின் அண்ணன் கிறிஸ்டோஃப் இறந்துபோனார். அப்பா இல்லாமல் நின்ற அண்ணன் பிள்ளைகளுக்காகக் காட்சியக வேலையை விட்டுவிட்டு, 1816-ல் க்ரீஸ்ஹைம் என்ற சின்ன ஊரில் ஒரு பள்ளி தொடங்கினார். அடுத்த வருடம் அது கைல்ஹாவ் கிராமத்துக்கு மாறியது. மிடன்டார்ஃபும் லாங்கதாலும் வந்து சேர்ந்துகொண்டார்கள். 1826-ல் ‘மனிதனின் கல்வி’ என்ற நூலை வெளியிட்டார்.

ஆனால் காலம் சரியில்லை. சுதந்திரமாகச் சிந்திக்கக் கற்றுத்தரும் இடங்களையெல்லாம் அரசுகள் சந்தேகத்தோடு பார்த்த நேரம் அது. கைல்ஹாவுக்கும் கெட்ட பெயர் ஒட்டிக்கொண்டது. மாணவர் எண்ணிக்கை சரிந்தது, கடன் ஏறியது. 1831-ல் ஃப்ரோபெல் சுவிட்சர்லாந்துக்குப் போனார். 1835-ல் பர்க்டார்ஃப் ஊரில் ஓர் அனாதை இல்லத்தின் பொறுப்பு அவரிடம் வந்தது.

அங்கேதான் அவருடைய பார்வை இன்னும் சின்ன வயதுக்கு இறங்கியது. ஆறு, ஏழு வயசில் பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு ஏற்கெனவே பெரிய பகுதி கடந்துபோயிருக்கிறது. அதற்கு முந்தைய வருடங்களை யாருமே கல்வியாகப் பார்ப்பதில்லை. அக்கால ஐரோப்பாவில் வேலைக்குப் போகும் ஏழைத் தாய்மார்களின் குழந்தைகளுக்கான காப்பகங்கள் இருந்தன. குழந்தையைப் பத்திரமாக வைத்துக்கொள்வது, ஒழுங்காக உட்கார வைப்பது, கொஞ்சம் பாடம் ஒப்பிக்க வைப்பது. பெரும்பாலும் அவ்வளவுதான்.

எட்டுக் கட்டைக்குள் என்ன இருக்கிறது?

மனைவிக்கு உடல்நிலை சரியில்லாததால் ஜெர்மனிக்குத் திரும்பிய ஃப்ரோபெல், 1837-ல் பிளாங்கன்பர்க் என்ற ஊரில் வேலையைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 55. அங்கே உருவாக்கியவைதான் இன்றும் கல்வியியல் படிக்கிறவர்கள் பரீட்சைக்குப் படிக்கும் ‘பரிசுகள்’.

முதல் பரிசு, கம்பளி நூலால் ஆன ஆறு நிறப் பந்துகள், கட்டித் தொங்கவிட ஒரு நூலோடு. கைக்குழந்தைக்கும் கொடுக்கலாம். பந்து ஆடும், உருளும், அம்மாவின் கைக்குள் மறையும், திரும்ப வரும். இருந்தது, இல்லை, வந்துடுச்சு. ஒரு பொருள் கண்ணில் படாவிட்டாலும் இருக்கும் என்ற பெரிய விஷயம் ஒரு நூல் பந்தில் தெரிந்துவிடுகிறது.

இரண்டாவது, மரத்தால் ஆன உருண்டை, கனசதுரம், உருளை. உருண்டை எந்தப் பக்கமும் ஓடும். கனசதுரம் வைத்த இடத்தில் நிற்கும். உருளை நிறுத்தினால் நிற்கும், படுக்க வைத்தால் ஓடும். இதை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. தள்ளிப் பார்த்தால் போதும்.

மூன்றாவதுதான் முக்கியம். ஒரு சின்ன மரப்பெட்டிக்குள் எட்டுச் சின்னக் கனசதுரங்கள், சேர்ந்து ஒரே பெரிய கனசதுரமாக. பெட்டியைக் கவிழ்த்து மெதுவாகத் தூக்கினால் முழுசாக ஒரு கட்டை நிற்கும். அதன் பிறகு குழந்தையின் ராஜ்ஜியம்.

அந்த எட்டை வைத்து நாற்காலி செய்யலாம், பாலம் கட்டலாம், வீடு கட்டலாம். இதை ‘வாழ்க்கை வடிவங்கள்’ என்றார். தரையில் பரப்பிக் கோலம் போல அமைத்தால் ‘அழகு வடிவங்கள்’. எட்டை நாலு நாலாகவும், ரெண்டு ரெண்டாகவும் பிரித்து மறுபடி சேர்த்தால் ‘அறிவு வடிவங்கள்’. பாதி, கால், அரைக்கால் என்பதைக் கரும்பலகையில் பார்ப்பதற்குப் பல வருடம் முன்பே குழந்தை அதைக் கையில் பிடித்துப் பார்த்துவிடும்.

கவனியுங்கள், கட்டை மாறவே இல்லை. அதே எட்டுத்தான். இது என்ன என்று முடிவு செய்கிற வேலை மட்டும் குழந்தையிடம் போய்விட்டது. இன்று ‘ஓப்பன்-எண்டட் ப்ளே’ என்று பேரன்டிங் வீடியோக்களில் வருவதன் அடிப்படை இதுதான். முடிவு முன்கூட்டியே எழுதப்படாத விளையாட்டு. பட்டனை அமுக்கினால் ஏ, பி, சி பாடும் பொம்மையில் குழந்தைக்கு மிச்சம் இருப்பது அமுக்குவது மட்டும்தான். எட்டுக் கட்டையில் யோசிப்பது, முயற்சி செய்வது, சரிந்தால் திரும்பக் கட்டுவது எல்லாமே குழந்தையின் வேலை.

தோட்டம் என்றால் நிஜமாகவே தோட்டம்

இந்த இடத்துக்கு ஒரு பெயர் வேண்டும். பள்ளி என்று சொல்ல அவருக்கு மனசில்லை. கைல்ஹாவிலிருந்து பிளாங்கன்பர்க் நோக்கி நண்பர்களோடு மலைப்பாதையில் நடந்து போகும்போது, சட்டென்று கிண்டர்கார்டன் என்ற சொல் அவருக்குத் தோன்றியதாகச் சொல்வார்கள். 1840 ஜூன் 28-ம் தேதி அந்தப் பெயரில் முறைப்படி தொடக்க விழா நடந்தது.

பெயர் வெறும் உவமை இல்லை. உண்மையிலேயே செடி வளர்த்தார்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு சின்னப் பாத்தி, எல்லோருக்கும் பொதுவாகச் சில பாத்திகள். தன் செடியைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும், பொதுப் பாத்தியைச் சேர்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும். தோட்டக்காரர் செடியை இழுத்து உயரமாக்க முடியாது, தண்ணீரும் வெளிச்சமும் கிடைக்கிறதா என்று மட்டும்தான் பார்க்க முடியும். ஆசிரியரின் வேலையும் அதுதான் என்பது ஃப்ரோபெலின் கணக்கு.

அந்த ஆசிரியர் யார்? இங்கே இன்னொரு புதுமை செய்தார். பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, குழந்தைக் கல்வியை அவர்கள் சம்பளம் வாங்கிச் செய்யும் ஒரு தொழிலாக மாற்றினார். பெரும்பாலான பல்கலைக்கழகங்களின் கதவு பெண்களுக்கு மூடியிருந்த காலம். 1848-ல் ருடால்ஸ்டாட்டில் நடந்த ஆசிரியர் கூட்டத்தில் தன் முறையை விளக்கியபோது கேலியும் எதிர்ப்பும் வந்தன. ஆனாலும் கிண்டர்கார்டனைக் கல்வி அமைப்பின் ஒரு பகுதியாக்க வேண்டும் என்ற கோரிக்கை அந்தக் கூட்டத்திலிருந்து எழுந்தது.

1849-ல் லீபன்ஸ்டைன் ஊருக்குக் குடிபெயர்ந்தார். கிராமத்துப் பிள்ளைகளோடு வட்டமாக நின்று பாட்டுப் பாடி ஆடும் ஒரு வயதானவரைப் பார்த்து ஊர்க்காரர்கள் சிரித்தார்கள். அங்கே விடுமுறைக்கு வந்திருந்த பெர்தா ஃபான் மாரன்ஹோல்ட்ஸ்-பியூலோ என்ற பிரபுக் குடும்பப் பெண்மணி சிரிக்கவில்லை. நின்று கவனித்தார். ஃப்ரோபெலின் யோசனைகளை ஐரோப்பா முழுக்கக் கொண்டுபோனதில் இவருடைய பங்கு பெரியது.

கட்டைக்குத் தடை

1848-ல் ஜெர்மன் நாடுகளில் மக்கள் புரட்சி வெடித்தது. அது அடக்கப்பட்ட பிறகு, புதுசாக எது தெரிந்தாலும் அரசுகளுக்குச் சந்தேகம். 1851 ஆகஸ்ட் 7-ம் தேதி, பிரஷ்யாவின் கல்வி அமைச்சர் ஃபான் ராமர் கிண்டர்கார்டன்களுக்குத் தடை விதித்தார். காரணம், இவை நாத்திகத்தையும் சோஷலிசத்தையும் வளர்க்கின்றன.

இதில் ஒரு கொடுமையான குழப்பம் இருந்தது. ஃப்ரோபெலின் அண்ணன் மகன் கார்ல் ஃப்ரோபெல், அரசியலில் முற்போக்கானவர். பெண்களுக்கான உயர்கல்வியையும் கிண்டர்கார்டனையும் பற்றி ஒரு பிரசுரம் வெளியிட்டிருந்தார். சித்தப்பாவின் பெயரும் அண்ணன் மகனின் பெயரும் தடை உத்தரவில் கலந்துபோயின. போதகரின் மகனாகப் பிறந்து, கடவுள் நம்பிக்கையைத் தன் கல்வியின் மையமாகவே வைத்திருந்த ஒருவர் மீது நாத்திகப் பட்டம் விழுந்தது.

ஃப்ரோபெல் விளக்கம் எழுதினார். மன்னருக்கே மனு போட்டார். பலன் இல்லை. பெயர்க் குழப்பம் தெளிந்த பிறகும் தடை நீங்கவில்லை என்பதிலிருந்து, பிரச்சினை பெயர் மட்டும் இல்லை என்று தெரிகிறது. தானே முடிவெடுக்கப் பழகும் குழந்தைகள், வீட்டுக்கு வெளியே வேலை பார்க்கும் பெண்கள். கீழ்ப்படிதலை நம்பி நிற்கும் ஓர் அரசுக்கு இரண்டுமே உறுத்தல்தான்.

அப்போது அவர் நடத்திவந்த மாரியன்டால் பயிற்சிப் பள்ளி வேறொரு சிற்றரசின் எல்லைக்குள் இருந்ததால் தப்பித்தது. ஆனால் மனசு தாங்கவில்லை. 1852 ஜூன் 21-ம் தேதி, 70 வயதில் அங்கேயே இறந்தார். அவர் கல்லறை இருக்கும் ஷ்வைனா ஊரில், நினைவுச்சின்னமாக கனசதுரம், அதன் மேல் உருளை, அதன் மேல் உருண்டை வைத்திருக்கிறார்கள். அவருடைய இரண்டாவது பரிசு.

தடை 1860-ல்தான் நீங்கியது. அதைப் பார்க்க அவர் இல்லை.

உலகம் சுற்றிய கட்டைகள்

தடையால் வேலை இழந்தவர்களும், புரட்சிக்குப் பிறகு நாட்டை விட்டு வெளியேறியவர்களும் இந்த யோசனையைப் பல நாடுகளுக்குக் கொண்டுபோனார்கள். பெரும்பாலும் பெண்கள். 1856-ல் மார்கரெட் ஷுர்ஸ் அமெரிக்காவின் விஸ்கான்சினில், ஜெர்மன் பேசும் குடும்பத்துப் பிள்ளைகளுக்காக ஒரு கிண்டர்கார்டன் தொடங்கினார். 1860-ல் எலிசபெத் பீபாடி பாஸ்டனில் தொடங்கினார். 1873-ல் செயின்ட் லூயிஸ் நகரத்து அரசுப் பள்ளியில் சூசன் ப்ளோ தொடங்கினார். 1876-ல் ஜப்பானின் டோக்கியோவுக்கும் போய்ச் சேர்ந்தது.

அதே 1876-ல் பிலடெல்பியாவில் நடந்த கண்காட்சியில் ஃப்ரோபெல் கட்டைகளைப் பார்த்த ஓர் அம்மா, தன் மகனுக்கு அவற்றை வாங்கிக் கொடுத்தார். அந்த மகன்தான் பின்னாளில் உலகம் கொண்டாடிய கட்டடக்கலைஞர் ஃப்ராங்க் லாயிட் ரைட். தன் கட்டடங்களுக்கான அடிப்படை அந்தக் கட்டைகளில் கிடைத்ததாகத் தன் சுயசரிதையில் அவர் குறிப்பிட்டிருக்கிறார். கட்டடக்கலை படிக்கப் போய் அதை விட்டுவிட்டு வந்த ஃப்ரோபெலின் கட்டைகள், ஒரு கட்டடக்கலைஞரை உருவாக்கியிருக்கின்றன.

எங்கே தடம் மாறியது?

இங்கே ஃப்ரோபெலையும் கொஞ்சம் கேள்வி கேட்க வேண்டும். பரிசுகளை எந்த வரிசையில் கொடுப்பது, எப்படிக் கொடுப்பது என்பதில் அவர் ரொம்பக் கறாரானவர். ஓர் உருவத்தைக் கலைத்துக் குவிக்காமல், கட்டைகளை நகர்த்தி அதையே அடுத்த உருவமாக மாற்ற வேண்டும், எந்தக் கட்டையையும் மிச்சம் வைக்கக் கூடாது என்றெல்லாம் வழிமுறைகள் சொன்னார்.

அவருக்குப் பின் வந்தவர்கள் பலர், சுதந்திரத்தை விட்டுவிட்டு வழிமுறையை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். கட்டம் போட்ட மேஜை முன்னால் எல்லோரும் உட்கார வேண்டும். டீச்சர் சொன்னதும் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே கட்டையை ஒரே கட்டத்தில் வைக்க வேண்டும். விளையாட்டுக்காக வந்த கட்டை டிரில் வகுப்பாக மாறியது.

20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க ஆசிரியர்கள் சிலர் இதை உடைத்தார்கள். பாட்டி ஸ்மித் ஹில், குழந்தைகள் தரையில் வைத்து, உள்ளே நுழைந்து விளையாடும் அளவுக்குப் பெரிய கட்டைகளைக் கொண்டுவந்தார். கரோலின் ப்ராட் உருவாக்கிய ‘யூனிட்’ கட்டைகள் இன்றும் உலகம் முழுக்கப் பள்ளிகளில் இருக்கின்றன. இவர்கள் ஃப்ரோபெலை விமர்சித்தவர்கள். ஆனால் அவர் தொடங்கிய இடத்துக்கே குழந்தையைத் திரும்பக் கூட்டிவந்தார்கள்.

சரி, நம்ம ஊர் கேஜி-க்கு வருவோம்

நம்மிடம் பெயர் மட்டும் பத்திரமாக இருக்கிறது. பல எல்கேஜி வகுப்புகளில் மூன்றரை வயசுப் பிள்ளை நாலு கோடு நோட்டில் எழுத்தைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறது. விரல் தசைகள் பென்சிலுக்கே இன்னும் தயாராகாத வயசு.

காகிதத்தில் கொள்கை வேறு மாதிரி இருக்கிறது. பல விஷயங்களில் சர்ச்சைக்குள்ளான 2020 தேசியக் கல்விக் கொள்கைகூட, 3 முதல் 8 வயது வரை விளையாட்டு வழிக் கற்றல் என்றுதான் சொல்கிறது. நம்ம அங்கன்வாடி என்ற பெயரிலேயே ‘அங்கன்’ என்றால் முற்றம். ஜெர்மனியில் தோட்டம், இங்கே முற்றம். ரெண்டுமே குழந்தை ஓடியாடும் இடங்கள்.

பெற்றோர் தரப்பு நியாயத்தையும் ஒதுக்க முடியாது. வருடத்துக்கு இவ்வளவு ஃபீஸ் கட்டுகிறோம், நோட்டில் ஏதாவது தெரிய வேண்டாமா என்ற கேள்வி இயல்பானது. கட்டை விளையாட்டில் கற்றது நோட்டில் தெரியாது. எட்டுக் கட்டையைச் சமமாகப் பிரித்துத் தம்பிக்குக் கொடுத்த பிள்ளை வகுத்தல் கற்றிருக்கிறது. ஆனால் அதற்கு ரெட் இங்க் டிக் கிடைக்காது.

அட்மிஷனுக்குப் போகும்போது மூன்று விஷயங்களைக் கேட்டுப் பாருங்கள்:

- பிள்ளைகள் தாங்களே தேர்ந்தெடுத்து விளையாட ஒரு நாளில் எவ்வளவு நேரம்?
- கட்டை, மணல், களிமண் மாதிரிப் பொருட்கள் பிள்ளைகளின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கின்றனவா, இல்லை கண்ணாடி அலமாரியில் பூட்டியிருக்கின்றனவா?
- சுவரில் ஒட்டியிருக்கும் படங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக இருக்கின்றனவா, இல்லை முப்பதும் ஒரே மாதிரி வண்ணம் தீட்டப்பட்டிருக்கின்றனவா?

வீட்டில் இதற்குப் பெரிய செலவும் தேவையில்லை. கொட்டாங்குச்சி, சொப்பு, காலி அட்டைப்பெட்டி, கொஞ்சம் கூழாங்கல் போதும். கொடுத்துவிட்டு, இது என்ன, என்ன கலர், எத்தனை இருக்கு என்று உடனே கேள்வி கேட்காமல் பத்து நிமிடம் பக்கத்தில் சும்மா உட்காருங்கள். அட்டைப்பெட்டி இன்று பஸ்ஸாக இருக்கலாம், நாளைக்கு ஆஸ்பத்திரியாக இருக்கலாம். அது என்னவென்று குழந்தையே சொல்லட்டும்.